ஆயிரம் பொற்கொல்லர்கள்

சிலப்பதிகாரம் என்றதும் நமக்கு முதலில் ஞாபகம் வருவது வழக்குரை காதை. பள்ளியில் படித்தது, பட்டிமன்றத்தில் கேட்டது எல்லாம் அதுதான். சிலம்பு உடைகிறது, பாண்டியன் சாகிறான், மதுரை எரிகிறது. அதோடு புத்தகத்தை மூடிவிடுகிறோம். அதற்குப் பிறகு நடந்த கொலையைப் பற்றிப் பெரிதாக யாரும் பேசுவதில்லை. அதுவும் ஒரு கொலை இல்லைங்க, ஆயிரம்.

காப்பியத்தின் முகப்பில் உள்ள உரைபெறு கட்டுரை இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறது. பாண்டிய நாட்டில் மழை பொய்க்கிறது. வறுமையும் வெப்புநோயும் வருகின்றன. கொற்கையில் இருந்த வெற்றிவேற் செழியன், கண்ணகிக்கு ஆயிரம் பொற்கொல்லர்களைப் பலி கொடுக்கிறான். மழை பெய்கிறது, நோய் தீர்கிறது. 'அந்தப் பகுதி யாரோ பின்னால் சேர்த்தது' என்று நழுவவும் வழியில்லை. நீர்ப்படைக் காதையில் மாடலன் செங்குட்டுவனிடம் இதே பலியைச் சொல்கிறான்: ஆயிரம் பேர், ஒரே பகலில்.

பொய் சொன்னது ஒரு பொற்கொல்லன். அவன் அந்த ஆயிரத்தில் இருந்தானா என்றுகூட இந்த இரண்டு இடங்களிலும் தகவல் இல்லை. இருந்தான் என்றே வைத்துக்கொள்வோம். மீதி 999 பேர் என்ன செய்தார்கள்? அதே தொழில் செய்தார்கள், அவ்வளவுதான்.

டிராலி புதிரை மீம்களில் நிறையப் பார்த்திருப்பீர்கள். பிலிப்பா ஃபுட் 1967இல் எழுதிய அந்தக் கட்டுரையில் இன்னொரு உதாரணமும் உண்டு. கலவரக் கும்பல் ஒரு குற்றவாளியைக் கேட்கிறது. கொடுக்காவிட்டால் பலர் சாவார்கள். நீதிபதி ஓர் அப்பாவியைத் தண்டித்து மற்றவர்களைக் காப்பாற்றலாமா? செழியன் கிட்டத்தட்ட அந்த நீதிபதிதான். ஆனால் வேறு வழி இல்லாமல்தான் செய்தான் என்று அவனுக்காக வாதாட முடியுமா? அதே உரைபெறு கட்டுரையில் கொங்கிளங்கோசர் விழா எடுக்கிறார்கள். இலங்கைக் கயவாகு கோட்டம் அமைத்து ஆடியில் விழா எடுக்கிறான். அங்கெல்லாம் ஆளைக் கொல்லாமலே மழை பெய்கிறது. அந்த நாடுகளில் கண்ணகிக்கு அநீதி நடக்கவில்லையே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் பலியில்லாத விழாவைச் செழியன் முதலில் முயன்று பார்த்ததாகவும் இல்லையே.

இதைக் கண்ணகியின் தீயோடு வைத்துப் பாருங்கள். உச்சக் கோபத்திலும் அவள் முதியவர், குழந்தைகள், பசுக்கள், அறவோர் என்று சிலரை விலக்கிவிட்டு, தீயவர் பக்கம் மட்டும் போ என்று நெருப்புக்குச் சொல்கிறாள். அந்தப் பட்டியலில் நமக்குச் சண்டை இருக்கலாம். ஆனாலும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் அவளுக்கு இருந்தது. நிதானமாக நாடாள வந்தவனுக்கு அது இல்லை. விசாரிக்காமல் கொன்றாய் என்பதுதானே அவள் நெடுஞ்செழியன்மேல் வைத்த குற்றம்? அதே குற்றத்தை ஆயிரம் மடங்காக்கி, அவள் பேராலேயே செய்கிறார்கள். அவள் இந்தப் பலியைக் கேட்டதாக இந்த இடங்களில் ஒரு வார்த்தை இல்லை.

எனக்கு உறுத்துவது காப்பியம் அடுத்து செய்வது. மாடலன் பேச்சிலேயே, செழியன் அரியணை ஏறியது காலைச் சூரியன் எழுந்ததுபோல வருகிறது. அரசியலில் தவறியவனுக்கு அறமே எமன் என்று பதிகத்தில் அறிவித்த நூல் இது. ஒரு கோவலனுக்காக ஒரு அரசன் விழுந்தான். ஆயிரம் பேருக்காக எவனும் விழவில்லை. செங்குட்டுவனும் ஏன் என்று கேட்கவில்லை.

மழை வராமல் போயிருந்தால் செழியனைக் கண்டிப்பது ரொம்பச் சுலபம். மழை வந்தது என்று எழுதி வைத்திருப்பதுதான் சிக்கல். பலன் கிடைத்ததும் கேள்வி அடங்கிவிடுகிறது. தாயின் நகையிலும் பொன் எடுப்பான் என்று தட்டார்களைப் பற்றிப் பழமொழி சொல்லிப் பழகிய நமக்கு, அந்த மௌனம் உறைப்பதும் இல்லை. தெற்கு ஆவணி மூல வீதியின் நகைக்கடைகளைத் தாண்டிப் போகும் மதுரைக்காரர்களும் கண்ணகியைத்தான் நினைக்கிறார்கள்.

சிலம்பை நீதியின் காப்பியம் என்று கொண்டாடுவோம், தப்பில்லை. ஆனால் அதில் வழக்கே நடக்காத 999 பேரும் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சிலம்பை உடைத்துக் காட்ட யாரும் வரவில்லை.