சொல் பிறக்கும் முகம்

எழுத்தாளர் ஒருவர் கேமரா முன் வந்து உட்கார்ந்ததும், முதல் சொல் வருவதற்கு முன் ஒரு கணம் கழிகிறதே, அதைக் கவனித்திருக்கிறீர்களா? பார்வை சற்றே விலகும். உதடு திறந்து, பேசாமலே மூடும். மனத்துக்குள் வாக்கியம் கூடிவருவதை முகம் காட்டிக்கொடுத்துவிடும். புத்தகத்தில் நமக்கு வாய்ப்பது கனிந்து முடிந்த வாக்கியம். அது கனிந்த விதம் அச்சில் தெரிவதில்லை. எழுத்தாளர்கள் தாங்களே பேசும் சின்னச் சின்னக் காணொளிகளில் அது தெரிகிறது. என்ன அழகு அது!

எஸ். ராமகிருஷ்ணனையே எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் விருதுநகர் மாவட்டத்து மல்லாங்கிணற்றுக்காரர். கரிசல் நாதஸ்வரக் கலைஞர்களின் வாழ்வைச் சொன்ன ‘சஞ்சாரம்’ நாவலுக்காக 2018ஆம் ஆண்டுக்கான சாகித்ய அகாதெமி விருது பெற்றவர். ‘தேசாந்திரி’ என்று யூடியூபில் அவருக்கு ஒரு சேனல் உண்டு. பேச்சில் இடறலே இல்லை. எழுவாயும் பயனிலையுமாக, முற்றுப்புள்ளி வைத்தாற்போல் வாக்கியங்கள் முழுசாக வந்து நிற்கும். குரலை ஏற்றி இறக்கி வித்தை காட்டமாட்டார். ஒரே சீரான, இதமான ஓட்டம். அதற்குள் திடீரென்று ஒரு சிறு சம்பவம் பூத்துவிடும். டால்ஸ்டாய் வாழ்ந்த யாஸ்னயா போல்யானாவைப் பற்றி அவர் சொல்லக் கேட்டால், அருப்புக்கோட்டையில் பஸ் ஏறினால் இருட்டுவதற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று தோன்றும். தூரத்தை இப்படிப் பிரியத்தால் சுருக்குவது பெரிய கலை. பக்கத்தில் நிறுத்திக் காட்டுகிறார், ஆனால் டால்ஸ்டாயின் உயரத்தைக் குறைப்பதில்லை.

இனி பவா செல்லதுரை. எங்கள் பக்கம் திருவண்ணாமலை என்றால் ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த சீனிவாசப் பெருமாள் குன்றுதான். பவாவோ அருணாசலேஸ்வரரின் திருவண்ணாமலைக்காரர். அவர் கதை சொல்வதை ஸ்ருதி டிவி போன்ற சேனல்கள் பதிவு செய்து போட, அதிலிருந்து இரண்டு நிமிடம், மூன்று நிமிடம் என்று கத்தரித்து வாசகர்கள் கைக்குக் கை மாற்றிக்கொள்கிறார்கள். தன் கதைகளைவிட அடுத்தவர் கதைகளையே அவர் ஆசை ஆசையாகச் சொல்வது எனக்கு மிகவும் பிடித்தது. ஜெயமோகனின் ‘சோற்றுக்கணக்கு’ அதில் ஒன்று. திருவனந்தபுரத்தில் கெத்தேல் சாகிப்பின் சாப்பாட்டுக் கடை. யாரிடமும் காசு கேட்பதில்லை. ஓர் உண்டியல் இருக்கும், முடிந்தவர் முடிந்ததைப் போடலாம். பசியோடு வந்த மாணவனின் இலையில் அந்தப் பெரிய கை சோற்றைக் குவிக்கும் இடத்தைப் பாருங்கள். கதையின் எலும்பு ஜெயமோகனுடையது. தசையும் வெதுவெதுப்பும் சொல்பவரின் மூச்சிலிருந்து வருகின்றன. பவா அவசரப்படுவதே இல்லை. எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் அந்தச் சோற்றை உண்டு முடிக்கும்வரை காத்திருந்துதான் அடுத்த வரிக்குப் போவார். கூட்டத்தின் மௌனமும் அந்தப் பதிவில் சேர்ந்தே கிடைக்கிறது. அதை எந்த அச்சுக்கூடமும் கொடுக்க முடியாது.

கி.ரா. என்கிற கி. ராஜநாராயணனைச் சொல்லாமல் எப்படி நகர்வது? இடைசெவல்காரர்; 2021 மே 17 அன்று புதுச்சேரியில் மறைந்தார். பேச்சையே எழுத்தாக்கியவர் என்பதால் அவருடைய காணொளிகளுக்குத் தனி ருசி. படித்த வரிகளின் கரிசல் இழுவை அந்தக் குரலிலேயே இருக்கிறது.

எங்கள் ஊரான ஸ்ரீவில்லிபுத்தூருக்கென்று ஒரு பாக்கியமும் உண்டு. ஆண்டாளின் திருப்பாவை 30 பாசுரம். ஒவ்வொன்றும் எட்டே அடி. மார்கழியில் நாளுக்கு ஒன்று. அந்த மாதம் பிறந்தால் எழுத்தாளர்களும் தமிழாசிரியர்களும் அன்றைய பாசுரத்தைப் பற்றிச் சில நிமிடம் பேசி விடிவதற்குள் அனுப்பிவிடுகிறார்கள். இவற்றில் நல்லவற்றை எப்படிக் கண்டுகொள்வது? பாட்டு முழுவதையும் அள்ளிக் கொட்டாமல் ஒரு சொல்லின் பக்கத்தில் போய் நிற்பவை அவை. பனியைச் சொன்னால் பனி, வாசற்கதவைச் சொன்னால் கதவு, அதற்குமேல் ஒன்றுமில்லை. பின்னணி இசை கிடையாது. அதிகாலைத் தொண்டையின் கரகரப்பு அப்படியே இருக்கும், பக்கத்து வீட்டுச் சேவலும் ஒருமுறை கூவிவிட்டுப் போகும். அந்தக் கரகரப்பைத் துடைத்து மெருகேற்றாமல் விடுகிறார்களே, அந்த மனசுதான் எனக்கு அழகு.

பேச்சைக் கேட்டு முடித்தபின், விருப்பமான ஒரு காணொளியை ஒலியில்லாமல் இன்னொரு முறை ஓடவிடுங்கள். கைகளை மட்டும் பாருங்கள். சரியான சொல் அகப்படும் வரை விரல்கள் காற்றில் எதையோ தேடும். அகப்பட்டதும் மெல்ல மடியில் வந்து அமரும். அடுத்த வாக்கியத்துக்கு மறுபடி எழும்.