கந்தலுக்குள் ஒரு மன்னன்

கலீபா ஹாரூன் அல் ரஷீத் வணிகர் வேடத்தில் பக்தாதின் இரவு வீதிகளில் உலவுவதை ஆயிரத்தொரு இரவுகளில் படித்து மகிழ்ந்தவர்கள் நாம். வேடமிட்ட வலியவனை எளியவனென்று எண்ணி ஒரு மூடன் சீண்டிப் பார்ப்பதும், உண்மை வெளிப்பட்டதும் அவன் வெலவெலத்துப் போவதும் எந்நாட்டு வாசகருக்கும் இனிப்பவை. எனினும் அவ்வினிப்பில் ஒரு நஞ்சும் கலந்துள்ளது. 'ஆள் தெரியாமல் அடித்துவிட்டான்' என நாம் நகைக்குங்கால், அடித்தது பிழையன்று, ஆள் மாறியதே பிழை என்றாகிவிடுகின்றதல்லவா? அடிபட்டவன் மெய்யாகவே இரவலனாயிருந்தால்?

இவ்வினாவோடு ஹோமரின் 'ஒடிஸி'யை அணுகுவோம். 20 ஆண்டுகளுக்குப் பின் இதாக்காவிலுள்ள தன் அரண்மனைக்கே ஒடிஸியஸ் கந்தலுடுத்த கிழவனாய் வருகின்றான். அவன் மனைவி பெனலப்பியை மணக்க வந்த 108 பேர் அங்கே அவன் செல்வத்தைத் தின்று கொழுக்கின்றனர். உணவு கேட்டவன்மீது அவர்களுள் முதல்வனான அந்தினூஸ் கால்மணையை வீசுகின்றான். அது வலத் தோளில் தாக்கியும் கிழவன் பாறையென அசையாது நிற்கின்றான்.

தோழர்களே அந்தினூஸைக் கடிந்துகொள்கின்றனர். ஆனால் ஏன்? வந்தவன் மாற்றுருவில் வந்த தேவனாயிருந்துவிட்டால் என்னாவது என்ற அச்சம்! இதுவும் அதே கணக்குத்தான். பெனலப்பியின் சினமோ வேறு. அடிபட்டவன் தன் கணவனென அவள் அறியாள். வறுமையால் இரந்து வந்த அயலானை அடித்தானே என்றே அவள் கொதிக்கின்றாள். திரை விலகுவதற்கு நெடுமுன்னரே தீர்ப்பு வழங்கப்பட்டுவிட்டது. ஹோமரின் பெருமையை நாம் இங்கேதான் காண்கிறோம்.

ஈரோஸ் என்னும் ஊர்ப் பிச்சைக்காரனும் கிழவனை வம்புக்கிழுக்கின்றான். மற்போருக்காகக் கந்தலை வரிந்து கட்டியதும் கிழவனின் பருத்த தொடைகள் தெரிகின்றன. ஈரோஸ் நடுங்குகின்றான். மணம் நாடி வந்தவர்களும் அத்தொடைகளைக் கண்டு வியக்கின்றனர்; கண்டும் உணர்ந்தாரில்லை! காதின் கீழ் விழுந்த ஒரே குத்தில் ஈரோஸ் சாய்கிறான். அவர்கள் விலா நோகச் சிரிக்கின்றனர். இந்தச் சிரிப்பு நமக்கு உவப்பாயில்லை. ஈரோஸும் வயிற்றுக்காக அவர்களை அண்டியிருந்த ஏழையே.

ஆயினும் நம் நெஞ்சை விட்டகலாதவன் அம்பினோமஸ். அக்கூட்டத்தில் கிழவனுக்கு இரண்டு ரொட்டிகள் தந்து, பொற்கிண்ணம் ஏந்தி வாழ்த்தியவன் அவன். அவனை மட்டும் ஒடிஸியஸ் எச்சரிக்கின்றான்: இவ்வீட்டுக்குடையவன் திரும்பும் காலம் நெருங்கிவிட்டது, அதற்குள் நீ ஊர் போய்ச் சேர். அம்பினோமஸின் உள்ளம் தீங்கை முன்னுணர்கின்றது. தலை கவிழ்ந்து நடக்கின்றான். வாயிலை நோக்கியன்று, தான் முன்பிருந்த அதே ஆசனத்தை நோக்கி.