அரபுப் பாடலும் தமிழின் இரட்டை வழக்கும்: மொழிபெயர்ப்பு நோக்கில் ஒரு மதிப்பீடு

1. முன்னுரை

அரபுப் பாடல் தமிழகத்திற்குப் புதியதன்று. 13ஆம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த அல்-பூஸீரி இயற்றிய புர்தா, காயல்பட்டினம், கீழக்கரை முதலிய கடற்கரை ஊர்களில் வழிவழியாக ஓதப்பட்டு வருகிறது. ஆயினும் அவ்வூர்களுக்கு வெளியே வாழும் இன்றைய இளந்தலைமுறையினருள் பலர் அரபிசையை வேறொரு வாயில் வழியாக அறிகின்றனர். முதலில் அவர்கள் கேட்பது ராப் எனப்படும் சொல்லிசை. அதில் கலந்துவரும் பழைய மெட்டுகளைப் பின்பற்றிச் சென்று உம்மு குல்தூம், அப்துல் ஹலீம் ஹாபிஸ் ஆகியோரை அடைகின்றனர். கேட்பவர் பொருளையும் அறிய விரும்புவர் ஆதலின் மொழிபெயர்ப்பின் தேவை இங்கு எழுகிறது.

இத்தகைய பாடல்களை மொழிபெயர்ப்போர் ஓர் எளிய பங்கீட்டைக் கைக்கொள்ளக்கூடும். பழைய பாடலுக்கு எழுத்துத் தமிழ், ராப் பாடலுக்குப் பேச்சுத் தமிழ் என்பது அப்பங்கீடு. அரபு, தமிழ் ஆகிய இரண்டும் இரட்டை வழக்குடைய மொழிகள் ஆதலின் இது பொருத்தமாகவே தோன்றும். ஆனால் பாடல்களின் மொழியை உற்றுநோக்கின் இப்பங்கீடு நிலைபெறாது என்பதைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. பழமையும் வழக்கும்

பெர்குசன் 1959இல் இரட்டை வழக்கை விளக்கியபோது சான்றாகக் கொண்ட நான்கு மொழிச் சூழல்களுள் அரபும் ஒன்று. தமிழுக்கு இக்கோட்பாட்டைப் பொருத்திப் பிரான்சிஸ் பிரிட்டோ 1986இல் விரிவான நூலொன்றை வெளியிட்டார். உயர்வழக்கு பள்ளியிலும் சமயத்திலும் இலக்கியத்திலும், தாழ்வழக்கு வீட்டிலும் தெருவிலும் வழங்கும் என்பது கோட்பாட்டின் அடிப்படை. பாடல் இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட களம்.

உம்மு குல்தூமின் இரு பாடல்கள் இதனை விளக்கும். 1964இல் அவர் பாடிய 'இன்த்த உம்ரீ' எகிப்தியப் பேச்சு வழக்கில் அமைந்தது. பாடலாசிரியர் அஹ்மத் ஷபீக் காமில், இசையமைத்தவர் முஹம்மத் அப்துல் வஹ்ஹாப். 1966இல் பாடிய 'அல்-அத்லால்' உயர்வழக்கில் அமைந்தது. கவிஞர் இப்ராஹீம் நாஜி, இசையமைத்தவர் ரியாத் அஸ்-ஸுன்பாத்தி. பாடகர் ஒருவரே, இடைவெளி இரண்டே ஆண்டுகள், அவையும் ஒன்றே. வழக்கு மட்டும் வேறு. எனவே மரபிசை என்பதனாலேயே அதன் மொழி உயர்வழக்கு என்று கொள்ளுதல் பொருந்தாது.

மறுதலையும் உண்மையே. லெபனான் நாட்டின் திரிப்போலி நகரைச் சேர்ந்த அர்-ராஸ் தம் ராப் பாடல்களில் உயர்வழக்குச் சொற்களையும் வரலாற்றுக் குறிப்புகளையும் லெவண்டுப் பேச்சு மொழியோடு செறித்து வைப்பவர். லுத்து நகரின் தாம் குழுவினரோ 2001இல் வெளிவந்த 'மீன் இர்ஹாபி' என்ற பாடலைப் பாலஸ்தீனப் பேச்சு அரபில் பாடினர். ராப் என்னும் ஒரே பெயருக்குள் இரு வேறு மொழிக் கொள்கைகள் இயங்குகின்றன. மொழிபெயர்ப்பாளர் வழக்கைத் தேர்ந்தெடுக்க வேண்டுவது இசை வகையை நோக்கியன்று. அடியை நோக்கியே ஆகும்.

3. முன்னிலையும் மரியாதையும்

வழக்குத் தேர்வின் விளைவு மிகத் தெளிவாகப் புலப்படும் இடம் முன்னிலைப் பெயர். துனீசியாவின் ஸ்பாக்ஸ் நகரைச் சேர்ந்த எல் ஜெனரால் எனப்படும் ஹமாதா பின் அமோர், 2010 நவம்பரில் 'ரயீஸ் லிப்லாத்' என்ற ராப் பாடலை வெளியிட்டார். நாட்டின் தலைவர் என்பது அதன் பொருள். வறுமை, ஊழல், காவலர் வன்முறை ஆகியவற்றை எடுத்துரைத்து அது அதிபர் பின் அலியை நேருக்கு நேர் விளிக்கிறது. 2011 சனவரியில் பாடகர் கைது செய்யப்பட்டார். சில நாட்களில் விடுவிக்கப்பட்டார். அதே மாதம் 14ஆம் நாள் அதிபர் நாட்டைவிட்டு வெளியேறினார்.

அரபின் முன்னிலை ஒருமை தன்னளவில் மரியாதையையோ அவமதிப்பையோ குறிப்பதில்லை. பட்டங்களும் விளிச்சொற்களுமே அப்பணியைச் செய்கின்றன. தமிழில் நீ, நீர், நீங்கள் என்பவற்றுள் ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும். பேச்சுத் தமிழின் 'நீ' பாடலை முதலடியிலேயே வசையாக்கிவிடும். 'நீங்க' அதனை விண்ணப்பமாக்கிவிடும். மூலம் இரண்டுமன்று. அதன் துணிவு பெயர்ச்சொல்லில் இல்லை. சொல்லப்படும் செய்தியில் உள்ளது.

இவ்விடத்தில் உதவக்கூடியது தமிழின் பழைய மரபாகும். புறநானூற்றுப் புலவர்கள் அரசனை 'நீ' என்றே விளித்தனர். அது அவமதிப்பாகக் கொள்ளப்படவில்லை. ஆள்வோனுக்கு அறிவுரை கூறுதலைச் செவியறிவுறூஉ என்னும் துறையாகவும் வகுத்தனர். ஆகவே தெருவில் பிறந்த இப்பாடலின் விளிக்கு எழுத்துத் தமிழின் 'நீ'யே ஏற்றது. பேச்சு மொழிப் பாடலின் அச்சமற்ற நிமிர்வைத் தமிழில் தருவதற்கு உயர்வழக்கு தேவைப்படுகிறது என்பது முற்கூறிய பங்கீட்டிற்கு நேர்மாறான முடிவு.

'இன்த்த உம்ரீ' பாடலில் சிக்கல் வேறு. அரபு முன்னிலை, பால் காட்டுவது. காதல் பாடலில் ஆண்பால் வடிவமே பொது வடிவாக வழங்குவது மரபு. தமிழ் 'நீ' பால் காட்டாதது. மூலத்தின் பொதுமை தமிழில் இயல்பாகவே அமைந்துவிடுகிறது. ஒரே சொல் ஓரிடத்தில் இடராகவும் மற்றோரிடத்தில் துணையாகவும் நிற்பது நோக்கத்தக்கது.

4. சொல்லிறுதியும் தாளமும்

அரபிசையின் ஹிஜாஸ் மகாம் சுர அமைப்பில் வகுளாபரண இராகத்தை நெருங்கி நிற்கும். பயாத்தி மகாமின் இரண்டாம் சுரமோ நம் பன்னிரு சுரத்தானங்களுள் எதிலும் அடங்காது. இரு மொழிகளின் இரட்டை வழக்குகளுக்கும் இத்தகைய ஒப்புமையும் வேறுபாடும் உண்டு. சமூகப் பயன்பாட்டில் அவை ஒத்திருப்பினும் ஒலியமைப்பில் எதிர்த்திசைகளில் செல்கின்றன.

அரபு உயர்வழக்கில் வேற்றுமை உயிர்கள் சொல்லிறுதியில் வரும். நிறுத்தத்தில் மறைந்தாலும் தொடர் நடுவில் அவை ஒலிக்கும். பேச்சு வழக்கு அவற்றை இழந்து மெய்யில் முடிகிறது. நூலைக் குறிக்கும் 'கிதாபுன்' பேச்சில் 'கிதாப்' ஆகிறது. துனீசியாவில் முதலசையின் உயிரும் குன்றி 'க்தாப்' ஆகிறது. தமிழிலோ எழுத்து வழக்கின் மெய்யீறுகள் பேச்சில் உயிர் பெறுகின்றன. பால், கண் என்பன பாலு, கண்ணு ஆகின்றன. மரம் என்பதன் இறுதி மூக்கொலி உயிராகிறது. வந்தார்கள் என்பது வந்தாங்க ஆகிறது. சுருங்கக் கூறின், அரபுப் பேச்சு சொல்லை மூடுகிறது; தமிழ்ப் பேச்சு சொல்லைத் திறக்கிறது.

ராப் பாடலின் தாளம் பெரிதும் சொல்லிறுதியின் அடிப்பில் தங்கியுள்ளது. அரபுப் பேச்சு வழக்கை முழுதும் தமிழ்ப் பேச்சு வழக்காக்கினால் சொற்பொருள் நெருங்கும், தாளம் தளரும். இதற்குத் தமிழில் தீர்வு இல்லாமலில்லை. வல்லெழுத்தை ஊர்ந்து வரும் குற்றியலுகரம் அரை மாத்திரை அளவினது. பாட்டு, கூத்து, கூற்று போன்ற சொற்களின் ஈறு ஏறத்தாழ ஒரு மெய்யின் வெடிப்பாகவே செவியில் விழும். இச்சொற்கள் இரு வழக்கிற்கும் பொதுவானவை. அடியிறுதியில் இவற்றை அமைப்பின் பேச்சுத் தன்மையும் கெடாது, தாளமும் தளராது.

தொடை நோக்கிலும் இது பொருந்தும். அரபில் காதிப் (எழுதுபவர்), தாலிப் (மாணவர்) போன்றவை ஒரே வார்ப்பில் பிறப்பதால் சொல்லின் உட்பகுதியே ஒத்தொலிக்கிறது. தமிழில் விகுதியால் வரும் இயைபு எளிதில் கிட்டுவது. எளிதில் சலிப்பூட்டுவதும் அதுவே. அரபின் வார்ப்பொலிக்கு ஈடாகத் தமிழில் நிற்கத்தக்கது எதுகை ஆகும்.

5. பழைய அடியும் புதிய அடியும்

ராப் பாடல்கள் பழைய பாடலின் பகுதியைத் தம்முள் எடுத்தாள்வது வழக்கம். பலீக் ஹம்தி இசையமைத்து 1957இல் அப்துல் ஹலீம் பாடிய 'குஸாரா குஸாரா'வின் மெட்டு, 1999இல் அமெரிக்கப் பாடகர் ஜே-சியின் 'பிக் பிம்பின்' பாடலில் எடுத்தாளப்பட்டது. படைப்பு சிதைக்கப்பட்டது என்று இசையமைப்பாளரின் உரிமைவழியினர் வழக்குத் தொடுத்தார். வழக்கிடும் தகுதி அவருக்கில்லை என 2015இல் கலிபோர்னிய நீதிமன்றம் அதனைத் தள்ளியது. சிதைவா இல்லையா என்ற வினா விடையின்றியே நின்றது.

அரபு யாப்பு மரபில் இவ்வினாவிற்கு ஒரு விடை உண்டு. தக்மீஸ் என்னும் வடிவில், பழைய ஈரடிக்கு முன் புதிதாக மூன்று அடிகள் சேர்க்கப்பட்டு ஐந்தடிப் பாவாகும். புதிய அடிகள் பழைய யாப்பிற்கு உட்பட்டுப் பழைய முதலடியின் இயைபையே ஏற்கும். பழைய அடி ஓர் எழுத்தும் மாறாது நிற்கும். காயல்பட்டினத்தில் பிறந்து கீழக்கரையில் அடங்கிய 17ஆம் நூற்றாண்டு அறிஞர் சதக்கத்துல்லாஹ் அப்பா, வித்ரிய்யா என்னும் அரபுப் பாடலுக்கு இவ்வகையில் இயற்றிய தக்மீஸ் புகழ்பெற்றது. தமிழ்த் திரையிசையும் இதனை ஒத்ததை அறியும். 1980இல் வெளிவந்த 'நிழல்கள்' படத்தின் 'மடை திறந்து' பாடலை மலேசியாவின் யோகி பி நட்சத்திரா குழுவினர் 2006இல் 'வல்லவன்' தொகுப்பில் பழைய மெட்டை நிறுத்தியே புதிய சொல்லிசையோடு இணைத்தனர்.

இத்தகைய பாடலை மொழிபெயர்க்கையில் எடுத்தாளப்பட்ட அடியும் புதிய அடியும் ஒரே நடையில் கரைந்துவிடின், கேட்போர் பழைய இசைக்குச் செல்லும் வாயில் அடைபடும். எடுத்தாளப்பட்ட அடியின் வழக்கு எதுவோ அதுவே தமிழிலும் தனித்துத் தெரிதல் வேண்டும்.

6. முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால், பழமைக்கு உயர்வழக்கு, புதுமைக்குப் பேச்சு வழக்கு என்னும் பங்கீடு அரபுப் பாடலின் உண்மைக்கு ஒவ்வாதது என்பது புலனாகிறது. விளியில் எழுத்துத் தமிழையும், வினைமுற்றில் பேச்சுத் தமிழையும், அடியிறுதியில் இரண்டிற்கும் பொதுவான சொல்லையும் ஒரே பாடலுக்குள் ஆள வேண்டிவரும். இரு வழக்கையும் கலப்பது நடைப்பிழை என்று தமிழ் மாணவர்க்குக் கற்பிக்கப்படுகிறது. கட்டுரைக்கு அவ்விதி பொருந்தலாம். ஒருவர் சிறை செல்லக் காரணமான ஒரு பாடலை அவ்விதிக்கு உட்படுத்தினால், தமிழில் எஞ்சுவது அதன் பொருள் மட்டுமே. அதிபரின் முகம் நோக்கிப் பேசிய அக்குரல் எஞ்சாது.