எண்ணா, எழுத்தா?

ஒரு சஞ்சிகையின் பெறுமதியை எதனைக் கொண்டு அளப்பது? அதில் வெளிவரும் எழுத்தைக் கொண்டே என்பது நமது விடை. இன்றைய கல்வியுலகிலோ, ஐ.எஸ்.எஸ்.என். எனப்படும் சர்வதேச நியம எண் அதற்கு உண்டா என்ற வினாவே முந்தி எழுகின்றது.

அவ்வெண் தோன்றிய நோக்கம் வேறு. ஒரே பெயரில் பல சஞ்சிகைகள் உலகெங்கும் வெளிவருகின்றன; அவற்றைக் குழப்பமின்றிப் பிரித்தறிய நூலகங்களுக்கு ஓர் அடையாளம் தேவைப்பட்டது. 1975இல் சர்வதேச நியமமாக வெளியிடப்பட்ட இவ்வெண்ணில் எட்டு இலக்கங்கள் உள்ளன. இறுதி இலக்கம் ஏனைய ஏழையும் சரிபார்ப்பதற்கானது. 'நேச்சர்' என்னும் விஞ்ஞான சஞ்சிகையின் எண் 0028-0836. முதல் ஏழு இலக்கங்களையும் முறையே 8 முதல் 2 வரையான எண்களாற் பெருக்கிக் கூட்டினால் 82 வரும். இறுதி 6ஐச் சேர்க்க 88 ஆகி, 11ஆல் மீதியின்றி வகுபடும். ஓர் இலக்கத்தைப் பிழையாக எழுதினாலும் இக்கணக்குக் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால், சஞ்சிகையினுள்ளே இருப்பது மெய்யா பொய்யா என்பதைக் காட்ட இதனால் இயலாது. பாரிஸிலுள்ள சர்வதேச நிலையமும் இவ்வெண் தரத்துக்கு உத்தரவாதமன்று என்றே கூறுகின்றது.

அடையாளத்தைத் தகுதியாக்கியவர்கள் கல்வி நிர்வாகிகளே. அண்டை நாடான இந்தியாவைப் பார்ப்போம். அங்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2010ஆம் ஆண்டு விதிகள், ஆசிரியர்களின் நியமனத்துக்கும் பதவி உயர்வுக்கும் புள்ளிகளை வகுத்தபோது, இவ்வெண் பெற்ற சஞ்சிகைகளில் வெளியாகும் கட்டுரைகளையும் கணக்கிற் சேர்த்தன. புள்ளிக்காகக் கட்டுரை தேவைப்படுமிடத்துப் பணம் பெற்று அச்சிடுவோரும் முளைப்பர். பின்னர் அக்குழு தான் அங்கீகரித்த சஞ்சிகைகளுக்கெனப் பட்டியலொன்றை வெளியிட்டது; 2018 மே மாதத்தில் அதிலிருந்து 4,305 சஞ்சிகைகளை அதுவே நீக்க நேர்ந்தது. எண்ணையும் பட்டியலையும் பார்த்தவர்கள் எழுத்தைப் படிக்கவில்லை என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

நட்டம் யாருக்கு? எண் பெறாத சிறுசஞ்சிகையில் உழைப்பாளர் வாழ்வை ஆராய்ந்தெழுதும் இளம் விரிவுரையாளர், புள்ளிக் கணக்கில் எதுவுமே எழுதாதவராகின்றார். பணங்கொடுத்து வெறுங்கட்டுரை அச்சிட்டவரோ பதவியில் உயர்கின்றார்.

எண்ணே வேண்டாமென நாம் வாதிடவில்லை. சிறுசஞ்சிகைகளும் அதனைப் பெறுதல் நன்று. நாளை ஆராய்வோர் அவற்றைத் தேடிக் கண்டடைய அது துணைபுரியும். வாசலிலுள்ள பெயர்ப்பலகையைக் கொண்டு வீட்டின் உறுதியை அளக்கலாகாது என்பதே நமது வாதம். கட்டுரையை மதிப்பிட அமர்வோர் முதலில் அதனைப் படிக்க வேண்டும். ஆசிரியர்களும் மாணவர்களும் ஒன்றுபட்டுக் கோர வேண்டியது இதுவே.