லீலாவதியின் காசும் வரலாற்றின் தீர்ப்பும்

பண்டை அரசர் வரலாற்றை அறிதற்குரிய கருவிகளுள் காசு தனிச் சிறப்பு வாய்ந்தது. வரலாற்று நூல் பெரும்பாலும் பிற்காலத்தார் எழுதியது. கல்வெட்டு ஓர் அறத்தையோ வெற்றியையோ புகழ்தற்பொருட்டு வெட்டப்பட்டது. காசோ ஓர் அரசு தன் காலத்திலேயே தன்னைக் குறித்துக் கூறிய கூற்று. அரண்மனையிற் பிறந்து அங்காடியில் உலவியது. ஆதலின் நூலும் காசும் மாறுபடுமிடத்து எதனை எவ்வளவிற்கு நம்புவது என்னும் வினா எழுகின்றது.

உரோமப் பேரரசின் பிற்காலத்தில் இவ்வினாவிற்குத் தக்க சான்றுகள் பல உள. மக்னஸ் மாக்சிமஸ் என்பான் கி.பி. 383 இல் பிரித்தானியாவிற் படைவீரராற் பேரரசனாக உயர்த்தப்பட்டு, 388 இல் அக்குயிலேயாவிற் கொல்லப்பட்டான். அவன் வெளியிட்ட பொற்காசு அவனை நாட்டை மீட்டவன் எனப் பாராட்டுகின்றது; அவனை வென்றோர் வழிவந்த எழுத்துக்களோ அவனைக் கொடுங்கோலன் என்கின்றன. ஐந்தாண்டு ஆட்சியைப் பற்றி இருவேறு தீர்ப்புக்கள்! அந்நூற்றாண்டிற்கும் அடுத்த நூற்றாண்டிற்குமுரிய உரோமச் செப்புக் காசுகள் இலங்கையிற் பெருந்தொகையாகக் கண்டெடுக்கப்பட்டுள்ளன. அவற்றைப் பார்த்து ஈண்டே வார்த்த போலிக் காசுகளும் உள. எனவே, அரசனது உருவையும் பெயரையும் தாங்கிய காசு இத்தீவினர்க்குப் புதியதன்று.

ஆயினும், ஏற்றமும் வீழ்ச்சியும் காசும் ஒருங்கே கூடிய சான்றொன்றை இலங்கை வரலாற்றிலேயே காணலாம். அது பொலனறுவையில் மும்முறை முடிசூடி மும்முறையும் முடியிழந்த லீலாவதி அரசியின் வரலாறாகும்.

லீலாவதி, முதலாம் பராக்கிரமபாகுவின் தேவியருள் ஒருத்தி. அவ்வரசன் 1153 முதல் 1186 வரை ஆண்டான். அவன் இறந்த 1186 ஆம் ஆண்டிற்கும் கலிங்க மாகன் படையெடுத்த 1215 ஆம் ஆண்டிற்கும் இடைப்பட்டன இருபத்தொன்பது ஆண்டுகள். அக்காலத்துள் பொலனறுவை அரியணையில் ஏறியோர் பதின்மூவர். மகிந்தன் ஐந்து நாள் ஆண்டான்; வீரபாகு ஓரிரவோடு ஒழிந்தான்; மூன்று திங்கட் குழவியாகிய தர்மாசோகனும் அரசனெனப்பட்டான். இவர்களுள் நிசங்கமல்லன் ஒருவனே ஒன்பதாண்டு நிலைபெற்றான். அவனுக்குப்பின் உண்மை அதிகாரம் படைத்தலைவர் கைக்கு மாறியது.

1197 இல் கீர்த்தி என்னும் படைத்தலைவன் சோடகங்கனின் கண்களைப் பறித்து, அவனை நீக்கி, லீலாவதியை அரியணையில் இருத்தினான். மூன்றாண்டு கழிய, 1200 இல் சாகசமல்லன் அரசனானான். அவனுக்குப்பின் நிசங்கமல்லனின் தேவியாகிய கல்யாணவதி ஆறாண்டு ஆண்டாள். 1209 இல் சோழநாட்டுப் படையோடு வந்த அனிகங்கன் குழந்தை அரசனைக் கொன்று பதினேழு நாள் ஆண்டான். அவனைக் கொன்ற சமுனக்கன் என்னும் படைத்தலைவன் லீலாவதியை இரண்டாம் முறையும் அரசியாக்கினான். ஓராண்டின் பின் உலோகேஸ்வரன் கடல் கடந்து தமிழ்ப்படையோடு வந்து அவ்வாட்சியை முடித்தான். ஒன்பது திங்களிற் பராக்கிரமன் என்னும் மூன்றாம் படைத்தலைவன் அவனை அகற்றி, லீலாவதிக்கு மூன்றாம் முறை முடிசூட்டினான். ஏழு திங்கள் சென்றன. 1212 இல் பாண்டிநாட்டுப் படையுடன் வந்த பராக்கிரம பாண்டியன் அவளை நீக்கி அரசைக் கைப்பற்றினான். அதன்பின் அவள் என்னவானாள் என்பதைச் சூளவம்சம் கூறவில்லை.

இவ்வரலாற்றை எழுதிய பலர், லீலாவதி படைத்தலைவர் கைப்பாவை என ஒருவரியில் முடித்துச் செல்வர். அம்முடிபிற்குச் சூளவம்சமே காரணம். அந்நூல் ஒவ்வோர் ஆட்சியையும் அதனை ஏற்படுத்திய படைத்தலைவனின் செயலாகவே கூறுகின்றது; எழுவாய் எங்கணும் படைத்தலைவன்; அரசி செயப்படுபொருளே. இதற்கு எதிராக வேறு சிலர் அவளது காசை எடுத்துக்காட்டி, அவள் ஆணுருவங் கொண்டு ஆண் பட்டம் தாங்கித் தனியாட்சி செலுத்திய வீராங்கனை எனப் போற்றுவர். இவ்விரு முடிபுகளும் ஆராயற்பாலன.

முதற்கண் காசை நோக்குவாம். அது செப்புக் காசு. நான்கு கிராம் அளவான நிறையுடையது. ஒருபுறம் நிற்கும் உருவம். மறுபுறம் அமர்ந்த உருவம். அமர்ந்த உருவின் அருகே நாகரி எழுத்திற் சிறீ ராஜ லீலாவதி என்னும் பெயர். இவ்வமைப்பு அவளுக்கென வகுக்கப்பட்டதன்று. 993 இல் இலங்கைமேற் படையெடுத்த முதலாம் இராசராச சோழனின் காசுகளிற் காணும் அமைப்பே இது. 1070 இல் முதலாம் விஜயபாகு சோழராட்சியை அகற்றினான். ஆனால் அவர்தம் காசின் அமைப்பை அகற்றினானல்லன். அவன் காசும், பராக்கிரமபாகு காசும், சோடகங்கன் காசும், சாகசமல்லன் காசும் எல்லாம் ஓரச்சின. வென்றவன் விட்டுச்சென்ற அச்சில் விடுதலை பெற்றவன் தன் பெயரைப் பொறித்தான் என்பது கருதத்தக்கது. அங்காடி பழகிய வடிவத்தை அரசியல் எளிதில் மாற்றுவதில்லை.

இதனால் ஒன்று தெளிவாகின்றது. காசிலுள்ள உருவம் லீலாவதியின் உருவமன்று. அது பராக்கிரமபாகுவின் உருவமுமன்று. சில கோடுகளாலும் புள்ளிகளாலும் ஆக்கப்பட்ட அரசன் என்னும் குறியீடே அது. எனவே, காசைக் கொண்டு அவள் ஆணுடை அணிந்து அவை வீற்றிருந்தாள் என்பது பொருந்தாது. சான்றில்லாததைச் சான்றெனக் கொள்ளும் பிழை அது.

உரோம எழுத்தாளன் பிளினி கூறும் செய்தியொன்று இவ்விடத்து ஒப்புநோக்கற்குரியது. குளோடியஸ் பேரரசன் காலத்தில் இலங்கையை அடைந்த உரோமன் ஒருவனிடமிருந்த வெள்ளிக் காசுகளை இலங்கை மன்னன் கண்டான். அவற்றில் வெவ்வேறு பேரரசரின் உருவங்கள் இருந்தும் நிறை ஒன்றாகவே இருந்தமை கண்டு உரோமரின் நேர்மையை வியந்தான் என்பது அச்செய்தி. அங்கு முகங்கள் மாறின, நிறை மாறவில்லை. பொலனறுவையிலோ முகம் மாறவில்லை, பெயர்களே மாறின. ஆளுவோர் எத்துணை விரைவாக மாறினும் அரசு என்பது மாறாதது எனக் காட்டும் நோக்கம் அவ்வொரே உருவில் அமைந்திருக்கலாம். மக்கள் நம்பிக்கையும் அதனாற் காக்கப்பட்டது.

இனி, பட்டத்தை நோக்குவாம். ராஜ என்பது ஆண்பாற் சொல் என்றும், ராஜ்ஞி எனப் பொறியாது ராஜ எனப் பொறித்தமை அவள் அரசன் என்னும் நிலையை வேண்டியமைக்குச் சான்று என்றும் கூறுவர். வடமொழி இலக்கணத்தை நோக்குழி இக்கூற்றின் வலிமை சிறிது குன்றுகின்றது. ராஜ லீலாவதி என்பதைத் தொகைச்சொல்லாகக் கொள்ளின், முன்மொழியில் வேற்றுமை உருபு தோன்றாது. அதனை அரச லீலாவதி எனப் பாலுணர்த்தாத பொருளிலும் கொள்ள இடமுண்டு. தமிழில் அரசு என்னும் சொல் பால்காட்டாது நிற்றலை இதற்கு ஒப்பிடலாம். எழுத்துக்களை மூன்று வரியாக நிரப்புதற்கு அச்சொல் சேர்க்கப்பட்டது என வாதிப்போரும் இருத்தல் கூடும்.

ஆயினும், இத்தடைகள் அச்சொல்லின் சிறப்பை முற்றாக அழிக்கவில்லை. பராக்கிரமபாகு, விஜயபாகு ஆகியோர் காசுகளிற் சிறீ என்னும் அடைமொழியை அடுத்துப் பெயரே வருகின்றது. ஆணாகிய அரசனுக்கு அரசன் எனக் கூறவேண்டிய தேவை இல்லை. உருவமே அதனைக் கூறிற்று. லீலாவதியின் பெயரைக் கண்டவன் இவள் அரசனின் தேவியோ என ஐயுறக்கூடும். அவ்வையத்தைக் களைதற்கே அச்சொல் வேண்டப்பட்டது எனல் பொருந்தும். அது வீரத்தின் முழக்கமன்று, உரிமையின் விளக்கம்.

பிறநாட்டு அரசியரும் இவ்விடர்ப்பாட்டை எதிர்கொண்டனர். 797 முதல் 802 வரை கொன்சுதாந்திநோபிளில் ஆண்ட ஐரீன் தன் பொற்காசின் இருபுறமும் தன்னுருவையே பொறித்துப் பேரரசி எனப் பெண்பாற் பட்டம் பூண்டாள். காகதீய அரசி உருத்திரமாதேவி உருத்திரதேவ மகாராசன் என ஆண்பெயரே தாங்கினாள். ஒருத்தி பெண்பெயரையும் பெண்ணுருவையும் வைத்துக்கொண்டாள்; மற்றவள் பெயரையே மாற்றினாள். லீலாவதியின் காசு இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது. உருவம் பழையது, பெயர் அவளுடையது, பட்டம் இருபாற்கும் பொது.

இவ்வளவும் காசு கூறுவன. அது கூறாதனவும் உள. லீலாவதியின் காசில் ஆட்சியாண்டு இல்லை. ஆதலின் ஒரு காசு 1197 ஆம் ஆண்டின் ஆட்சிக்குரியதோ, 1209 ஆம் ஆண்டின் ஆட்சிக்குரியதோ, இறுதி ஏழு திங்களுக்குரியதோ எனக் கூறவியலாது. அவளுடைய மும்முறை ஏற்றமும் மும்முறை வீழ்ச்சியும் நூலிலிருந்தே அறியப்படுவன. காசில் அவள் ஒருமுறையே அரசி, என்றும் அரசி. வீழ்ச்சியைக் கூறும் காசு உலகில் எங்கும் இல்லை. மாக்சிமஸின் காசும் அக்குயிலேயாவைக் கூறாது. நூலின் துணையின்றிக் காசை மட்டும் படிப்போர் எல்லா அரசரையும் வெற்றி பெற்றோராகவே காண்பர்.

இனி, கைப்பாவை என்னும் முடிபை ஆராய்வாம். கீர்த்தியும் சமுனக்கனும் பராக்கிரமனும் வெவ்வேறு காலத்தவர். அதிகாரத்தைத் தத்தம் வாளாற் பெற்றவர். அம்மூவரும் தாமே முடிசூடாது ஒரே பெண்ணைத் தேடிச்சென்றது ஏன்? வாளால் அரண்மனையைப் பெறலாம். அரசுரிமையைப் பெறவியலாது என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர். பராக்கிரமபாகுவின் தேவி என்னும் பெயர், அவன் இறந்து இருபத்தைந்து ஆண்டு கழிந்த பின்னும் மதிப்புடையதாக இருந்தது. அனிகங்கன் பதினேழு நாளில் வீழ்ந்தான். உலோகேஸ்வரன் ஒன்பது திங்களில் வீழ்ந்தான். லீலாவதியோ வீழ்ந்தும் மீண்டும் அழைக்கப்பட்டாள். படைத்தலைவரின்றி அவள் ஆளவியலாதாள் என்பது உண்மை. அவளின்றி அவர்களும் ஆளவியலாதார் என்பது அதற்கிணையான உண்மை. முன்னையதை மட்டும் கூறிப் பின்னையதை மறைத்தல் நடுவுநிலை ஆகாது.

அவள் காலம் வெறுங் குழப்பக் காலமும் அன்று. அவளை மூன்றாம் முறை அரசியாக்கிய பராக்கிரமனின் வேண்டுகோளாலேயே தம்மகித்தி என்னும் தேரர் தாதாவம்சம் என்னும் பாளி நூலை இயற்றினார். புலமை போற்றப்பட்டது, காசடிக்கப்பட்டது, ஓர் அரசிற்குரிய வினைகள் நிகழ்ந்தன. அவற்றுள் அரசியின் பங்கு எவ்வளவு, படைத்தலைவன் பங்கு எவ்வளவு எனப் பிரித்தறியச் சான்று போதாது. போதாத சான்றைக்கொண்டு அவளை முற்றாகத் தள்ளுதலும் முற்றாகப் புகழ்தலும் ஒரே பிழையின் இருபக்கங்கள்.

இவ்வாராய்ச்சி வன்னிநாட்டு மாணவர்க்குத் தொலைவானது எனக் கருதற்க. லீலாவதி நீங்கிய மூன்றாண்டில் மாகன் வந்தான்; பொலனறுவைப் பேரரசு சிதைந்தது. அச்சிதைவிலிருந்தே வடக்கே யாழ்ப்பாண அரசும், இடையே வன்னிச் சிற்றரசுகளும் உருப்பெற்று வளர்ந்தன. மாகன் காலத்து மூன்றாம் விஜயபாகுவின் வரலாற்றைக் கூறுமிடத்துச் சூளவம்சம் வன்னியரசரைக் குறிப்பிடுகின்றது. பிற்பட யாழ்ப்பாண அரசர் வெளியிட்ட சேதுக் காசிலும் பழைய நிற்கும் உருவம் தொடர்ந்தது. மறுபுறம் நந்தியும் சேது என்னும் தமிழ்ச் சொல்லும் இடம்பெற்றன. ஆங்கு அரசனின் தனிப்பெயர் மறைந்து, அரசின் பெயர் நிலைத்தது.

வன்னியர்க்கோ தம் பெயர் பொறித்த காசு இல்லை. 1803 இல் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிய பண்டார வன்னியனுக்குக் காசில்லை. அவனைத் தோற்கடித்ததாகக் கப்டன் வொன் டிறிபேக்கின் பெயரோடு கற்சிலைமடுவில் நாட்டப்பட்ட ஆங்கிலக் கல்லே அவன் பெயரைத் தாங்கிற்று. தன் கூற்றைத் தானே விட்டுச்செல்லாத அரசன் பகைவரின் கூற்றால் அறியப்படுகின்றான். அவன் வரலாற்றை எழுதப் புகுவோர் வாய்மொழியையும் பகைவர் ஏட்டையும் ஒருசேர நிறுத்தி எடைபோடல் வேண்டும்.

லீலாவதிக்கு அந்நிலை நேரவில்லை. சூளவம்சம் அவளைச் செயப்படுபொருளாக நிறுத்தியது; அவளது செப்புக் காசோ அவளை எழுவாயாக நிறுத்துகின்றது. இரண்டையும் அருகருகே வைத்துப் படிப்போர்க்கு வீராங்கனையும் கைப்பாவையும் ஒருங்கே மறைவர். தன் பெயரின் மதிப்பொன்றையே படையாகக் கொண்டு பதினைந்தாண்டுக் குழப்பத்தினூடே மும்முறை அரசிருந்த ஒருத்தி தோன்றுவாள். அவளது ஆற்றலை மிகைப்படுத்தவும் வேண்டா, மறுக்கவும் வேண்டா. பெயரைப் பிழையறப் படித்தலே காசாராய்ச்சியின் முதற் கடமை. படித்த பெயர்க்குரிய அளவான இடத்தை வழங்குதல் வரலாற்றாசிரியன் கடமையாகும்.