திருப்பிப் பார்க்கும் கண்கள்

பிரெஞ்சு இயக்குநர் லூயி மால் (1932–1995) இருவர் துணையுடன் 1968இல் இந்தியாவில் பயணம் செய்து உருவாக்கிய ஏழு பகுதி ஆவணத் தொடர் ‘ஃபேன்டம் இந்தியா’. முதற்பகுதிக்கு அவரிட்ட பெயர் ‘இயலாத படக்கருவி’. படம்பிடிக்கப்படுவோர் கருவியையே உற்று நோக்குகின்றனர். தாம் அழையா விருந்தினர் என்பதை மால் மறைக்கவில்லை. இந்நேர்மையே தொடரின் தலையாய சிறப்பு என்போம்.

ஆயினும், மயிலாப்பூர்த் தேரோட்டமும் கலாக்ஷேத்திர நடனமும் இடம்பெறும் சென்னைப் பகுதியிலும் நம் செவிக்கு எட்டுவது பெரிதும் அவர் குரலே. 1970இல் பிபிசி இத்தொடரை ஒளிபரப்பியபோது இந்திய அரசு சினந்து அதன் டெல்லி அலுவலகத்தை மூடச் செய்தது. வறுமையைக் காட்டியது குற்றமன்று. வறியவரைப் பேசவிடாததே குறை.

1944இல் தம் பள்ளியில் பயின்ற மூன்று யூத மாணவர்களை நாஜிகள் பிடித்துச் சென்றதைச் சிறுவனாகக் கண்டவர் மால். அந்நினைவிலிருந்து 1987இல் பிறந்த ‘ஓ ரெவ்வார் லேஸான்ஃபான்’ படத்தில் முகங்களே பேசுகின்றன. அவர் குரல் இறுதியில் சில சொற்களோடு நின்றுவிடுகிறது. இருபதாண்டுப் பயிற்சியின் பயன் அவ்வடக்கம்.

2024 ஜூனில் நச்சுச் சாராயம் 60க்கும் மேற்பட்டோரைக் கொன்றபோது கள்ளக்குறிச்சியில் படக்கருவிகள் குவிந்தன. கல்வராயன் மலைமக்களைச் சாராயத்தோடு மட்டும் இணைத்துக் காட்டும் வழக்கமும் நம்மிடம் உண்டு. அவர்கள் திருப்பிப் பார்க்கும் பார்வையையும் எழுப்பும் வினாவையும் பதியாத படம், மால் தொடங்கிய இடத்தைக்கூட எட்டாது.