தலபுராணம் ஓய்ந்த பிறகு

ஐரோப்பிய ஒருங்கிணைப்பின் வரலாறு வெகுகாலம் தலபுராணமாகவே எழுதப்பட்டது. போரில் சிதைந்த கண்டம், தொலைநோக்குள்ள சில பெரியவர்கள், 1950 மே 9 அன்று பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் ஷூமான் வெளியிட்ட அறிக்கை, அதன்பின் படிப்படியாக ஒன்றியம். புளோரன்ஸ் ஐரோப்பியப் பல்கலைக்கழக நிறுவனத்தில் இத்துறைக்கு முதல் பேராசிரியராக வந்த வால்டர் லிப்கென்ஸ், நாஜி எதிர்ப்பு இயக்கங்களின் கூட்டாட்சிக் கனவில் இதன் வேரைத் தேடினார். பின்னாளில் அதே நிறுவனத்தில் பணியாற்றிய ஆலன் மில்வர்ட் அந்த வேரையே வெட்டினார். நிலக்கரி, வேளாண்மை, வணிகக் கணக்குகளைப் புரட்டிப் பார்த்து, தேசிய அரசுகள் தங்களைக் காப்பாற்றிக்கொள்ளவே அதிகாரத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தன என்று 1992இல் நிறுவினார். முன்னோடிகளைப் 'புனிதர்கள்' என்று கேலி செய்து ஓர் அத்தியாயமே எழுதினார்.

2000க்குப் பிறகு இத்துறைக்கு வந்த இளம் ஆய்வாளர்கள் இந்த இருவரையும் தாண்டி எதைக் கண்டார்கள் என்பதே கேள்வி.

சட்ட வரலாற்றில் அவர்கள் சாதித்தது உறுதியானது. வான் கென்ட் என் லோஸ் என்ற டச்சு நிறுவனம் மேற்கு ஜெர்மனியிலிருந்து யூரியா-பார்மால்டிஹைடு இறக்குமதி செய்தது. 3 சதவீத வரி 8 ஆனதும் வழக்குத் தொடுத்தது. ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தை உருவாக்கிய ரோம் ஒப்பந்தத்தைக் காட்டித் தனிநபரும் உள்நாட்டு நீதிமன்றத்தில் உரிமை கோரலாம் என்று 1963இல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்தத் தீர்ப்பு ஒப்பந்தத்திலிருந்து இயல்பாகவே விளைந்தது என்பதுபோலச் சட்ட அறிஞர்கள் எழுதிவந்தார்கள். மார்ட்டன் ராஸ்முசென் போன்றவர்கள் ஆவணங்களைத் திறந்தபோது வேறொரு காட்சி தெரிந்தது. ஐரோப்பிய ஆணையத்தின் சட்டப் பிரிவுத் தலைவர் மிஷெல் கோதே இந்த விளக்கத்துக்காகத் திட்டமிட்டு வாதாடியிருந்தார். நெதர்லாந்து, பெல்ஜியம், மேற்கு ஜெர்மனி ஆகிய மூன்று அரசுகள் எதிர்த்திருந்தன. மேற்கு ஜெர்மனியில் ஐரோப்பியச் சட்டத்தின் மேலாண்மைக்கு எழுந்த எதிர்ப்பை பில் டேவிஸ் தனி நூலாகவே எழுதினார். தீர்ப்பின் பின்னால் இருந்த அரசியல் இப்படித்தான் வெளிச்சத்துக்கு வந்தது.

அதைவிடக் கூர்மையானது அல்ஜீரியா பற்றிய ஆய்வு. 1957 ரோம் ஒப்பந்தத்தின் 227ஆம் பிரிவு அல்ஜீரியாவைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அப்போது அது பிரான்ஸின் பகுதி. விடுதலைப் போர் உச்சத்தில் இருந்தது. 'ஆறு நாடுகள்' என்று பாடநூல்கள் சொல்லும் சமூகத்துக்குள் ஆப்பிரிக்க மண்ணும் இருந்தது. 1962இல் விடுதலை கிடைத்த பிறகும் இந்த உறவு தெளிவில்லாமல் இழுபட்டு, 1976 உடன்படிக்கையில்தான் முறையாகத் தீர்ந்தது என்பதை மேகன் பிரவுன் 2022இல் வெளியான தம் முதல் நூலில் காட்டினார். பிரெக்ஸிட்டை முன்னுதாரணம் இல்லாத வெளியேற்றமாகப் பார்த்தவர்களுக்கு இது சரியான பதில். 1985இல் கிரீன்லாந்தும் விலகியிருக்கிறது. ஒன்றியம் என்றைக்கும் விரிந்துகொண்டேதான் போனது என்ற கதை இதற்கு முன் நிற்காது.

ஆனால் இத்தலைமுறையில் பலர் விரும்பிப் பின்பற்றிய 'வலைப்பின்னல்' ஆய்வை அவ்வளவு எளிதாக ஏற்க முடியாது. கட்சித் தலைவர்கள், அதிகாரிகள், வல்லுநர்கள் நாட்டெல்லை தாண்டிச் சந்தித்ததை இது பின்தொடர்கிறது. கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியினர் பற்றி வோல்ஃப்ராம் கைசர் 2007இல் எழுதிய நூல் இதற்கு முன்மாதிரி. யார் யாரோடு பேசினார்கள் என்பது இதில் துல்லியமாகத் தெரிகிறது. பேசியதால் என்ன நடந்தது என்பதுதான் நழுவுகிறது. 1954 ஆகஸ்ட் 30 அன்று பிரெஞ்சு நாடாளுமன்றம் பொதுப் படை அமைக்கும் ஐரோப்பியப் பாதுகாப்புச் சமூகத் திட்டத்தை 319க்கு 264 என்ற வாக்குகளில் புறந்தள்ளியது. பல ஆண்டுகள் பழகிய அதே வட்டத்தால் அதைக் காப்பாற்ற முடியவில்லை. சந்திப்புகள் நம்பிக்கையையும் பொதுமொழியையும் வளர்த்தன என்று இவர்கள் சொல்வதில் உண்மை உண்டு. எனினும் தோல்விக்கும் பொருந்தும் விளக்கமாக இருந்தால்தான் அது காரணம். வெற்றிக்கு மட்டும் பொருந்தினால் வெறும் பின்னணி.

இன்னொரு குறை ஆவணக் காப்பகத்தால் வந்தது. 1983 விதிப்படி ஐரோப்பியச் சமூகத்தின் ஆவணங்கள் 30 ஆண்டுகளுக்குப் பின் திறக்கப்படுகின்றன. அவற்றை வைத்திருக்கும் புளோரன்ஸ் காப்பகம் எந்தப் பத்தாண்டைத் திறக்கிறதோ, முனைவர் பட்ட ஆய்வுகள் அங்கே திரள்கின்றன. கோப்பு கேள்வியை முடிவு செய்வதால், கோப்புக்கு வெளியே இருப்பவர்கள் விடுபடுகிறார்கள். பொது வேளாண் கொள்கை உழவர் வருமானத்தைக் காக்கும் நலத்திட்டமாகவே உருவானது என்று ஆன்-கிறிஸ்டினா க்னூட்சென் 2009இல் காட்டினார். அத்திட்டத்தின் செலவைச் சுமந்த நுகர்வோரையும், சந்தையை இழந்த வெளிநாட்டு உழவரையும் அதே ஆழத்தில் எழுதியவர்கள் குறைவு.

ஆணையத்தின் நிதியை வாங்கி எழுதுவதால் இவர்கள் துதி பாடுகிறார்கள் என்ற குற்றச்சாட்டு நிற்காது. மேலே சொன்ன நூல்கள் எவையும் துதி அல்ல. உண்மையான குறை வேறு. லிப்கென்ஸின் பக்தியை உதறிய வேகத்தில், யாருக்கு என்ன லாபம், யார் தலையில் செலவு என்ற மில்வர்டின் கேள்வியையும் பலர் கைவிட்டுவிட்டார்கள். அதைக் கைவிடாமல் பேரரசையும் நீதிமன்றத்தையும் உள்ளே கொண்டுவந்தவர்களின் நூல்கள் அவரது நூலுக்குப் பக்கத்தில் வைக்கத் தகுந்தவை. வெறும் தொடர்புகளை மட்டும் வரைந்து நிறுத்திய ஆய்வுகள் அடுத்த ஆய்வாளருக்குத் தரவாகப் பயன்படும். வரலாற்று விளக்கம் என்ற இடம் அவற்றுக்குக் கிடையாது.